கிரீன் டீக்கு 80, பிளாக் டீக்கு 100: இந்தக் கணக்கு போதுமா?

தளிர் | ஜனவரி 8, காலை 6.50

எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்: கிரீன் டீ 80, ஊலாங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டது) 90, பிளாக் டீ 100. என்னிடம் டிகிரி வைக்கிற கெட்டில் இருக்கிறது, 80-இல் வைத்துத்தான் ஊற்றுகிறேன். ஒரு பாக்கெட் நாக்கைச் சுருட்டும் அளவுக்குக் கசக்கிறது. இன்னொன்று வெறும் வெந்நீர் மாதிரி இருக்கிறது. இரண்டுமே கிரீன் டீதான். கொதிநீர் இலையைக் கருக்கிவிடும் என்று படித்ததால் 80-க்கு மேல் போகவும் பயம். தப்பு கணக்கிலா, கெட்டிலிலா?

கெண்டி | ஜனவரி 8, காலை 8.15

கருகும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். பச்சைத் தேயிலை பச்சையாகவே இருப்பதற்காகத்தான் அதைப் பறித்த கையோடு சூடான சட்டியில் வாட்டுகிறார்கள், அல்லது நீராவியில் அவிக்கிறார்கள். சட்டி 100 டிகிரியைத் தாண்டிச் சுடும், நீராவி 100-இல் இருக்கும். அதையும் தாங்கி, பிறகு உலர்த்தும் சூட்டையும் தாங்கி வந்த இலை கொதிநீர் பட்டதும் கருகப் போவதில்லை.

இலைக்குள் இருப்பவை எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது. இனிப்பையும் நாக்கில் நிற்கும் அந்தச் சாறுச் சுவையையும் தருபவை அமினோ அமிலங்கள், முக்கியமாகத் தியானின். அவை வெதுவெதுப்பான நீரிலேயே தாராளமாக இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் கேட்டச்சின்களின் வேலை. அவற்றிலும் இ.ஜி.சி.ஜி. என்ற வகை, சூடு ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். கஃபீனும் அப்படியே. சூட்டைக் குறைத்தால் கசப்பு உள்ளேயே தங்குகிறது, அவ்வளவுதான். தியானின் நிறைந்த இளந்தளிரில் இது லாபம். முற்றிய இலையில் இதையே செய்தால் கசப்பும் வராது, இனிப்பும் வராது.

உங்கள் இரண்டு பாக்கெட்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் எத்தனை கிராம், எத்தனை மி.லி., எத்தனை நிமிடம், எதில் ஊற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். இலை பார்க்க எப்படி இருக்கிறது என்பதும் வேண்டும்.

சாயம் | ஜனவரி 8, காலை 9.02

தரம் பார்க்கிறவர்களுக்காக வகுத்த முறையில் எந்த டீக்கும் கொதிநீர்தான். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 1980-இல் வந்தது: 100 மி.லி.க்கு 2 கிராம், புதிதாகக் கொதித்த நீர், மூடி வைத்து 6 நிமிடம். குடிப்பதற்கான பக்குவம் இல்லை இது. இலையில் இருக்கும் குறை எதுவும் ஒளிந்துகொள்ளாதபடி எல்லாவற்றையும் வெளியே இழுக்கிற முறை. புது பாக்கெட் பிரித்தால் முதல் கப்பை இப்படிப் போட்டுப் பாருங்கள். 6 நிமிடத்துக்குப் பிறகும் வாய்க்கு ஏற்றதாக இருந்தால் அந்த இலைக்கு டிகிரி பார்த்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாங்க முடியாமல் கசந்தால் அப்போது சூட்டையோ நேரத்தையோ குறைக்கலாம். எதைக் குறைப்பது என்பது இலையைப் பொறுத்தது.

தளிர் | ஜனவரி 8, மாலை 7.30

கிராம் பார்த்ததில்லை. ஒரு டேபிள்ஸ்பூன், 150 மி.லி. கப். தடித்த பீங்கான் மக், நேரே அதிலேயே இலையைப் போட்டு, குடித்து முடிக்கிறவரை இலை உள்ளேயேதான் கிடக்கும். கசக்கிற பாக்கெட்: கரும்பச்சை, ஊசி ஊசியாக, அடியில் நிறையத் தூள். சப்பென்று இருக்கிற பாக்கெட்: தட்டையாக அழுத்திய வெளிர்பச்சை இலை, நீளமாக.

கெண்டி | ஜனவரி 8, இரவு 9.10

முதலாவது நீராவியில் அவித்த ஜப்பானியப் பச்சைத் தேயிலை, சென்சா. தூள் அவ்வளவு இருக்கிறது என்றால் நெடுநேரம் அவித்த வகையாக இருக்கும். அதிகம் அவித்த இலை நைந்துபோய், முறுக்கும்போது உடையும். உடைந்த இலைக்கு நீர் படும் பரப்பு அதிகம், சாயம் சட்டென்று இறங்கும். இரண்டாவது சட்டியில் வாட்டி அழுத்திய இலை, சீனத்து லோங்ஜிங் பாணி. முழு இலை, மேல்பரப்பு மூடியிருக்கும், மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும்.

இப்போது ஸ்பூனைப் பாருங்கள். நொறுங்கிய சென்சா ஒரு டேபிள்ஸ்பூன் 5, 6 கிராம் வரை நிற்கும். தட்டை இலை காற்றோடு உட்காருவதால் அதே ஸ்பூனில் 2 கிராம் வந்தால் அதிகம். ஒன்றில் மூன்று மடங்கு இலை, அதுவும் உடைந்த இலை, அதுவும் கடைசிவரை ஊறுகிறது. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு, மூடிய இலை. 80 என்ற எண் இரண்டுக்கும் ஒன்றாக இருந்து என்ன பயன்? 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, விலையுயர்ந்த கெட்டிலைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

சென்சாவுக்கு: 3 கிராம், 150 மி.லி., 70 டிகிரி, 40 வினாடி, கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். நொறுங்காத சாதாரண சென்சாவானால் 60 முதல் 90 வினாடி. இரண்டாம் முறை 80 டிகிரியில் 10, 15 வினாடி போதும், இலை ஏற்கெனவே விரிந்துவிட்டது.

தட்டை இலைக்கு: 3 கிராம், 150 மி.லி., 85 டிகிரி, இரண்டரை நிமிடம்.

நீரோட்டம் | ஜனவரி 8, இரவு 10.44

தடித்த மக் என்று அவர் சொன்னதை யாரும் எடுக்கவில்லையே, சப்பென்று இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். பீங்கானின் வெப்பக் கொள்ளளவு, எடைக்கு எடை பார்த்தால், தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 300 கிராம் மக் என்பது சூட்டைக் குடிப்பதில் 60 மி.லி. தண்ணீருக்குச் சமம். அறை வெப்பம் 25 டிகிரி என்றால், 80 டிகிரியில் 150 மி.லி. ஊற்றுவது, அதோடு 25 டிகிரியில் 60 மி.லி. பச்சைத் தண்ணீரைக் கலப்பது மாதிரி. கணக்குப் போட்டால் 64 டிகிரி. மக்கின் வெளிச்சுவர் உடனே சூடேறாது என்பதால் முதல் நிமிடத்தில் 68, 70 இருக்கும், பிறகு இறங்கிக்கொண்டே போகும். கெட்டில் 80 காட்டுகிறது, இலைக்குக் கிடைத்தது 70-க்கும் கீழே.

மக்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு இலை போட்டு ஊற்றிப் பாருங்கள். தொடக்க வெப்பநிலை 76, 77-க்கு வந்துவிடும்.

மெல்லிய கண்ணாடிக் கோப்பைக்குச் சூட்டுக் கொள்ளளவு பீங்கான் மாதிரியேதான், ஆனால் எடை குறைவு, அதனால் இழப்பும் குறைவு. வார்ப்பிரும்புக் கெண்டி எடைக்கு எடை பீங்கானில் பாதிதான் குடிக்கும், ஆனால் ஒரு கிலோ இருக்கிறதே. சூடாக்காமல் ஊற்றினால் 100 மி.லி.க்கு மேல் பச்சைத் தண்ணீர் சேர்த்த கணக்கு.

சாயம் | ஜனவரி 9, காலை 7.20

பிளாக் டீயில் இந்த இழப்புதான் முழுச் சேதம். கொதித்த நீரை ஆறின கெண்டியில் ஊற்றி, மூடாமல் விட்டால் இலை 85-இல் ஊறுகிறது. நிறம் வரும், திடம் வராது, மணமும் எழாது. கெண்டியைச் சூடாக்கு, கெட்டிலைக் கெண்டியிடம் கொண்டுபோ, மூடு. மூன்றும் பழைய பாடம்தான், மூன்றும் வெப்பநிலைக்காகத்தான்.

தளிர் | ஜனவரி 9, இரவு 8.05

சென்சா 3 கிராம், 40 வினாடி: கசப்பு போய்விட்டது, வேறு டீ மாதிரி இருக்கிறது. தட்டை இலை சூடாக்கிய மக்கில் 85: இப்போதுதான் அதற்கு மணமே இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்த கேள்வி. டிகிரி வைக்கிற கெட்டில் இல்லாத இடத்தில் 70, 80 எப்படிக் கொண்டுவருவது? "கொதித்ததும் 5 நிமிடம் ஆறவிடு" என்கிறார்கள்.

கெண்டி | ஜனவரி 9, இரவு 9.25

அந்த 5 நிமிடத்தை நம்பாதீர்கள். மூடிய எவர்சில்வர் கெட்டிலில் ஒன்றரை லிட்டர் இருந்தால் 5 நிமிடத்தில் 90-க்கு மேலேயே நிற்கும். அகலமான கிண்ணத்தில் 200 மி.லி. இருந்தால் 70-க்குப் போய்விடும். அளவு, மூடி, வாய் அகலம், மின்விசிறி என்று எல்லாம் மாற்றும்.

நம்பகமானது கலப்பது. ஏற்கெனவே காய்ச்சி ஆறிய நீர் 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300 மி.லி. வேண்டும். 90 டிகிரிக்கு 260 கொதிநீர், 40 ஆறிய நீர். 80-க்கு 220, 80. 70-க்கு 180, 120. 60-க்கு 140, 160. எடைத் தராசில் கெண்டியை வைத்து, ஆறிய நீரை முதலில் ஊற்றி, மேலே கொதிநீரை ஊற்றினால் தானே கலந்துகொள்ளும். இலையை அதற்குப் பிறகு போடுங்கள். இலைமேல் நேராகக் கொதிநீர் விழுந்தால் அந்த ஓரிரு வினாடியிலேயே கேட்டச்சின் இறங்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, ஆற்றுவது. கொதிநீரை ஒரு கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு மாற்றலுக்கும் 5 முதல் 10 டிகிரி குறையும். கனத்த கோப்பையில் அதிகம், மெல்லியதில் குறைவு. ஜப்பானியர்கள் இதற்கென்றே யுசமாஷி என்ற வாய் அகன்ற பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கெட்டிலிலிருந்து யுசமாஷிக்கு, அதிலிருந்து கோப்பைகளுக்கு, கோப்பைகளிலிருந்து இலை போட்ட கெண்டிக்கு. அந்தச் சுற்றில் கோப்பையும் சூடேறுகிறது, அளவும் தப்பாமல் அமைகிறது, நீரும் 70-க்கு வந்து சேர்கிறது.

நீரோட்டம் | ஜனவரி 10, காலை 6.40

கெண்டி எழுதிய கலப்புக் கணக்கில் ஒரு திருத்தம். கெட்டிலில் 100 இருந்தாலும் ஊற்றும் தாரையிலேயே 2, 3 டிகிரி போய்விடுகிறது. மெல்லிய தாரையாக உயரத்திலிருந்து ஊற்றினால் இன்னும் அதிகம். அவர் எழுதிய 80 உங்களுக்கு 77, 78-ஆக வரும், அதுவும் சூடாக்கிய கெண்டியில். 80-தான் வேண்டும் என்றால் 230க்கு 70 என்று எடுங்கள். சென்சாவுக்கு இந்த 2 டிகிரி தெரியவே தெரியாது. நிழலில் வளர்க்கும் ஜப்பானியப் பச்சைத் தேயிலையான கியோகுரோவில் கொஞ்சம் தெரியும்.

சாயம் | ஜனவரி 10, காலை 8.00

தெர்மாமீட்டரே இல்லாமல் பார்க்கிற வழி: எட்டாம் நூற்றாண்டில் சீனத்தின் லூ யூ கொதியை மூன்றாகப் பிரித்தார். முதலில் மீன்கண் மாதிரிக் குமிழி, மெல்லிய ஓசை. பிறகு விளிம்பில் முத்துச்சரம். மூன்றாவது அலை புரளும் கொதி. பின்னால் வந்தவர்கள் இறால்கண், நண்டுக்கண் என்று இன்னும் நுணுக்கினார்கள். இன்றைக்கு அவற்றுக்கு எதிரே டிகிரி எழுதிய அட்டவணைகள் சுற்றுகின்றன. குமிழியின் அளவு பாத்திரத்தின் அடிப்பரப்பையும் தீயின் வேகத்தையும் பொறுத்து மாறும் என்பதால் அந்த எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் பாத்திரம், உங்கள் அடுப்பு, ஒரே அளவு தண்ணீர் என்று வைத்து ஒரு தடவை தெர்மாமீட்டரோடு பார்த்துக்கொண்டால் அதற்குப் பிறகு கண்ணே போதும்.

கெண்டி | ஜனவரி 10, காலை 8.35

கண்ணோடு காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரச் சுவரில் ஒட்டும் குட்டிக் குமிழிகள் கரைந்திருந்த காற்று. அதைக் கொதி என்று எண்ண வேண்டாம். அடுத்து அடியில் நீராவிக் குமிழி உண்டாகி, மேலே ஏறும்போது குளிர்ந்த நீரில் பட்டு உடைகிறது. அந்த உடைவுதான் கெட்டிலின் இரைச்சல். நீர் முழுவதும் கொதிநிலைக்கு வந்ததும் குமிழி உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் தணிந்து தளதளப்பு மட்டும் கேட்கும். ஆகவே சத்தம் உச்சத்தில் இருக்கும்போது நீர் இன்னும் கொதிக்கவில்லை. அது தணியும் நேரம்தான் பிளாக் டீக்கு. இரைச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறக்கினால் பச்சைத் தேயிலைக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பீர்கள். இறக்கி ஒரு கலக்குக் கலக்குங்கள், மேலும் கீழும் சூடு வேறு வேறாக இருக்கும். மைக்ரோவேவில் சுட வைத்த தண்ணீருக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும்.

தளிர் | ஜனவரி 11, மாலை 6.15

மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்கிறார்களே, அங்கே பிளாக் டீ என்ன ஆகும்?

நீரோட்டம் | ஜனவரி 11, இரவு 7.50

ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். 1,500 மீட்டரில் 95, 2,000 மீட்டரில் 93, 3,000 மீட்டரில் 90. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. 95 வரை பெரிய வித்தியாசம் இல்லை. 90 என்றால் முழு இலை பிளாக் டீக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள், கெண்டியைத் துணியால் போர்த்துங்கள். இயந்திரத்தில் நசுக்கி உருட்டிய சி.டி.சி. குருணை என்றால் கவலையே இல்லை, அது அந்தச் சூட்டிலும் இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசியைக் கொடுத்துவிடும்.

தெர்மாமீட்டரைச் சரிபார்க்கும்போதும் இது நினைவிருக்க வேண்டும். உடைத்த பனிக்கட்டியும் நீரும் கலந்த கூழில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் உங்கள் உயரத்துக்கான எண்ணைக் காட்ட வேண்டும், 100-ஐ இல்லை. பக்கத்தில் நீட்டிப் பார்க்கிற அகச்சிவப்புத் துப்பாக்கி இந்த வேலைக்கு ஆகாது. பளபளக்கும் எவர்சில்வரில் எதிரொளியைப் படிக்கும், தண்ணீரில் மேல்தோலை மட்டும் படிக்கும், ஆவி குறுக்கே வந்தால் அதுவும் தப்பு. குச்சி மாதிரி உள்ளே விடும் வகைதான் சரி. டிகிரி கெட்டிலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடியில் இருக்கும் உணரி 80 தொட்டதும் நிறுத்தினாலும் சூடான தட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் வைத்தால் இது அதிகம். நின்ற பிறகு அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள்.

கெண்டி | ஜனவரி 12, காலை 9.30

கியோகுரோவைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன், வெப்பநிலை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இலை இல்லை. பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போலச் செடியை நிழலில் மூடுகிறார்கள். தியானின் வெயிலில்தான் கேட்டச்சினாக மாறும். வெயில் இல்லாததால் தியானின் தங்கிவிடுகிறது. அதனால்தான் குறைந்த சூட்டிலும் எடுப்பதற்கு அதில் அவ்வளவு இருக்கிறது.

5 கிராம் இலைக்கு 60 மி.லி. மட்டும். 50 முதல் 55 டிகிரி. இலைக்கு மேல் நீர் சற்றே நிற்கும், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் ஊசி இலைகள் நீரைக் குடித்து, ஓரம் பிரிந்து, நிறம் கரும்பச்சையிலிருந்து பளிச்சென்ற பச்சைக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியும். பாதிக்கு மேல் இலைகள் பிரிந்துவிட்டன என்றால் வடிக்கலாம், கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. வடிவது 60 மி.லி. இருக்காது. இலையே 15, 20 மி.லி.யைப் பிடித்துக்கொள்ளும். கடைசிச் சொட்டு சொட்டாக விழுவதுதான் மிகவும் அடர்ந்தது, கெண்டியை ஆட்டாமல் சாய்த்தே வைத்திருங்கள். இரண்டாம் முறை 60 டிகிரி, 30 வினாடி. மூன்றாவது 80, அதில்தான் துவர்ப்பு வரத் தொடங்கும். ஒரே இலையில் மூன்று சூடு, மூன்று சுவை. இதை ஒரு முறை செய்தவருக்கு அட்டவணை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இதற்கு நேர் எதிர் ஹோஜிசா. அதே செடி, ஆனால் முற்றிய இலையும் காம்பும், மேலே வறுப்பு. தளதளவென்ற கொதிநீர், 30 வினாடி. 70-இல் போட்டால் வறுத்த வாசனை எழவே எழாது. பொரியரிசி சேர்த்த கென்மைசாவுக்கும் இப்படித்தான். இரண்டும் பச்சைத் தேயிலை வகையில்தான் வருகின்றன, 80 என்ற பட்டியல் இவற்றைக் கெடுத்துவிடும்.

மாச்சா தனி. அதில் தூளாக்கிய இலையையே குடிக்கிறோம், இறங்குவதும் இறங்காததும் பேச்சில்லை. 2 கிராமைச் சலித்து 60, 70 மி.லி. நீரில், 75 டிகிரி வாக்கில் அடித்தால் நுரை நன்றாகக் கட்டும். கொதிநீரில் கசப்பு முன்னுக்கு வரும், ஆறிய நீரில் கட்டி தட்டும்.

தளிர் | ஜனவரி 12, மாலை 5.40

வெள்ளைத் தேயிலைதான் எல்லாவற்றிலும் மென்மையானது, அதற்கு 70 போதும் என்று எழுதியிருந்தது. சரியா?

சாயம் | ஜனவரி 12, மாலை 6.30

தவறு. பட்டியல்கள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான்.

கெண்டி | ஜனவரி 12, இரவு 8.20

சாயம் சொன்னதற்குக் காரணம் இதுதான். வெள்ளைத் தேயிலையை முறுக்குவதும் இல்லை, கசக்குவதும் இல்லை. வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. செல் சுவர் உடையாமல் இருப்பதால் உள்ளே இருப்பது வெளியே வரத் தயங்குகிறது. வெறும் மொட்டு மட்டும் உள்ள வெள்ளி ஊசி வகையில் மேலே பட்டு மாதிரி ரோமம் வேறு, நீர் உள்ளே போகவே நேரமாகும். மொட்டுகள் முதலில் மிதக்கும், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாக இறங்கும். 70 டிகிரியில் வெகுநேரம் இறங்காமலேயே நிற்கும். 150 மி.லி.க்கு 3 கிராம், 85 முதல் 90 டிகிரி, 4, 5 நிமிடம். இலை கலந்த வகைக்கு 95 தாராளமாகக் கொடுக்கலாம். சில ஆண்டுகள் வைத்திருந்த ஷோமெய் என்ற வெள்ளைத் தேயிலை என்றால் கொதிநீர், வேண்டுமானால் அடுப்பில் சிறு தீயில் கொதிக்கவே விடலாம்.

ஊலாங்குக்கு 90 என்பதும் அரைகுறை. உருண்டையாகச் சுருட்டிய இலை முதலில் பிரிய வேண்டும், பிரிய வைப்பது சூடுதான். பச்சை வாசனையுள்ள தியேகுவான்யின் என்ற ஊலாங்குக்கு 95 கொடுங்கள். சீனத்து வூயி மலையின் நன்றாக வறுத்த ஊலாங்குக்குக் கொதி நிற்பதற்குள் ஊற்றுங்கள். 100 மி.லி. மூடிக்கிண்ணத்தில் 6, 7 கிராம் வைத்து 10 வினாடியில் வடிப்பவர்கள் கொதிநீரைத் துணிந்து ஊற்றுவது நேரம் அவ்வளவு குறைவாக இருப்பதால். அதே இலையைப் பெரிய கெண்டியில் 3 கிராம் போட்டு 4 நிமிடம் வைப்பவர் 95-க்கு இறங்குவது நியாயம். பூச்சி கடித்த இலையில் செய்யும், நன்றாகப் புளித்த (காற்றுபட்டு நிறம் மாறிய), மொட்டு நிறைந்த ஊலாங் மட்டும் 85, 90-இல் தேன் மணத்தோடு நிற்கும்.

சாயம் | ஜனவரி 13, காலை 7.10

பிளாக் டீயிலும் விலக்கு உண்டு. டார்ஜிலிங்கின் வசந்தகால முதல் பறிப்பு பெயருக்குத்தான் கறுப்பு. கடுமையாக வாடவிடுவதால் முழுசாகப் புளிப்பதில்லை, உலர்ந்த இலையில் பச்சை தெரியும். 85, 90 டிகிரி, மூன்று நிமிடம். கொதிநீரில் பூமணம் அடங்கித் துவர்ப்பு முன்னால் வரும். அதே தோட்டத்தின் கோடைப் பறிப்புக்கு 95-க்குக் குறையாமல். அஸ்ஸாம், சிலோன், கென்யா எல்லாம் முழுக் கொதி. பால் சேர்ப்பதானால் சந்தேகமே வேண்டாம், பாலின் கேசீன் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், திடம் இல்லாவிட்டால் பால் மட்டும்தான் தெரியும்.

பு-ஏர் என்ற சீனத் தேயிலையில், புளிக்கவைத்து முதிர்ந்த வகைக்கு முழுக் கொதி, முதல் நீரை 5 வினாடியில் கொட்டிவிடுங்கள். முதிராத இளம் பு-ஏர் 90, 95-இல் தொடங்கி, கசப்பைப் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

தளிர் | ஜனவரி 13, காலை 7.45

முதல் நீரைக் கொட்டினால் கஃபீன் போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் எல்லாவற்றுக்கும் செய்யலாமே?

நீரோட்டம் | ஜனவரி 13, மதியம் 1.15

போகாது. கஃபீன் லிட்டருக்கு 25 டிகிரியில் ஏறக்குறைய 20 கிராம் கரையும், 100 டிகிரியில் 600 கிராமுக்கும் மேல். ஒரு கப்பில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம். ஆகவே கரையுமா என்பது கேள்வியே இல்லை, இலைக்குள்ளிருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதுதான். அதற்கு நிமிடங்கள் ஆகும். 5 வினாடிக் கழுவலில் போவது தூசும் தூளும், கொஞ்சம் மேல்மணமும். சென்சாவில் அப்படிச் செய்தால் நல்ல பகுதியை வடிகாலில் விட்டுவிட்டுக் கஃபீனை மிச்சம் வைத்த மாதிரி ஆகிவிடும். கஃபீன் குறைய வேண்டுமானால் குறைந்த இலை, குறைந்த சூடு, குறைந்த நேரம்.

தண்ணீரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், டிகிரி சரியாக இருந்தும் டீ மந்தமாக இருந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். கடின நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருக்கும். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம், ஸ்பூனால் தொட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி விரிசல் விடும். கால்சியம் கார்பனேட்டும் ஆக்சிஜன் ஏறிய பாலிபீனாலும் சேர்ந்தது அது. நீர் காரத்தன்மை பக்கம் சாய்வதால் நிறம் கறுக்கும், மணம் குறையும், துவர்ப்பு சப்பையாகும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் படலமும் மறையும், நிறமும் வெளுக்கும். ஆனால் பச்சைத் தேயிலைக்கு அது வழியில்லை. சில நிமிடம் கொதிக்க விட்டு, ஆறவைத்து, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேல்நீரை எடுத்து மறுபடி சுட வையுங்கள். தற்காலிகக் கடினம் குறைந்திருக்கும். முழுக்கக் காய்ச்சி வடித்த நீரும் சரிப்படாது, சுவை ஒல்லியாக இருக்கும்.

தளிர் | ஜனவரி 13, மாலை 6.00

மறுபடி சுட வைத்தால் ஆக்சிஜன் போய் டீ கெடும் என்று படித்தேனே?

நீரோட்டம் | ஜனவரி 13, மாலை 6.50

அறைச்சூட்டில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 80 டிகிரிக்கு வரும்போதே அது 3-க்கும் கீழே. முதல் கொதியிலேயே கிட்டத்தட்ட எதுவும் மிச்சம் இருக்காது. இரண்டாம் கொதியில் போக ஒன்றும் இல்லை. மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும் பாத்திரத்தில் உப்பு அடர்ந்துபோவது உண்மை. அந்தச் சுவைமாற்றத்தை ஆக்சிஜன் தலையில் போடுகிறார்கள்.

கெண்டி | ஜனவரி 14, காலை 8.10

ஊறவைக்கும் சூடு வேறு, குடிக்கும் சூடு வேறு. 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பழக்கத்தை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை முன்வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் சேர்த்தது. டீயை இல்லை, சூட்டைத்தான். 60-க்கு இறங்கிய பிறகுதான் நாக்குக்கும் மணம் பிரிந்து தெரியும், ஆகவே பொறுப்பதில் இழப்பு எதுவும் இல்லை. கொதிநீர் ஊற்றிய பிளாக் டீயை வடித்து, சூடாக்காத கோப்பைக்கு மாற்றினாலே பாதித் தூரம் வந்துவிடும்.

தளிர் | ஜனவரி 15, இரவு 9.00

கடைசியாக ஒன்று. பிளாக் டீயைச் சூடாகப் போட்டு ஐஸ் விட்டால் கலங்கிச் சேறு மாதிரி ஆகிறது. சூடு அதிகமாகிவிட்டதா?

சாயம் | ஜனவரி 16, காலை 7.05

டீ கெட்டுப்போகவில்லை. கஃபீனும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் போன்ற நிறப்பொருள்களும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும், ஆறும்போது கைகோர்த்துத் திரளும். திடமான நல்ல பிளாக் டீயில்தான் அது அதிகம். கொஞ்சம் கொதிநீர் சேர்த்துக் கலக்கினால் தெளிந்துவிடும்.

கெண்டி | ஜனவரி 16, காலை 7.50

தெளிவாகவே வேண்டும் என்றால் சூடே வேண்டாம். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு 10 கிராம் முழு இலை, பிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம். கேட்டச்சினும் கஃபீனும் குறைவாகவே இறங்கும், அதனால் திரள்வதும் குறைவு, துவர்ப்பும் மட்டு. சென்சாவுக்கு 3 மணி நேரத்திலேயே பார்க்கலாம். குளிர்நீர் கிருமியைக் கொல்லாது என்பதால் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்துங்கள், வெளியே மேசைமேல் வைத்து ஊறவிடாதீர்கள், வடிகட்டிய பின் ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.